திமிங்கலத்துக்கு ஒரு சாட்சி

குமரி மாவட்டத்தில் இதுவரை பிறந்தவர்களில் கால் அங்குலம்கூடக் கூட்டிப் பேசாத ஆள் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் எங்கள் ஆபீஸ் மொத்தமும் சேர்ந்து புளுகர் என்று முடிவுகட்டி வைத்திருந்தது.

நாகர்கோவிலில் ஒரு அரசாங்க ஆபீஸில் அவர் சூப்பரின்டென்டென்ட். நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'திமிங்கலம்'. ஆள் பருமன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆணியில் மாட்டிய சட்டை நடந்து வருவது போலத்தான் இருப்பார். அந்தப் பெயருக்குக் காரணம் வேறு.

இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் அவர் முட்டம் பாறைமேல் தனியாக உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எதிரே கடலில் ஒரு திமிங்கலம் எழுந்தது. ஆளைக் கூப்பிட ஓடினார். கலங்கரை விளக்கத்துப் பக்கம் நின்ற நாலு பேரை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தால், அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. நாலு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பொட்டலத்திலிருந்து ஆளுக்கு ஒரு கை கடலையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று தொடங்கியது. கல்யாணமான கையோடு மறுவீட்டு விருந்தில், மாமனார் அவியல் விளம்பிக்கொண்டிருந்தபோது இந்தக் கதையைச் சொன்னார். மாமனார் அவியல் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாராம். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை குடும்பத்தில் யாருக்காவது தலைக்குச் சரியில்லாமல் இருந்ததா என்று விசாரிக்க ஆள் போனது.

ஆபீஸில் கேட்கவே வேண்டாம். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், "நம்ம சார் அம்பது அடித் திமிங்கலம் பாத்தவருல்லா" என்று அறிமுகம் செய்வார்கள். ஃபைல் குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"நாப்பத்தஞ்சு. உமக்கு மிச்சம் அஞ்சடி வேணும்னா, நீரு போய்த் தனியாப் பாத்துக்கிடும்."

இதுதான் அவர். அவருடைய பிரிவில் 'சுமார்' என்ற சொல் ஃபைலில் ஏறாது. மழையால் தாமதமாகிவிட்டது என்று நான் ஒரு நாள் சொன்னதற்கு, "எந்த மழை? வடசேரியில பெஞ்சதா, கோட்டாத்துல பெஞ்சதா? கோட்டாத்துல பத்து அம்பதுக்கு நின்னாச்சே" என்றார். இப்படிப்பட்ட மனிதர் திமிங்கல விஷயத்தில் மட்டும் பொய் சொல்லுவாரா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அவர் ஓய்வு பெற வேண்டிய வருஷம் வந்தது. இரண்டாயிரத்துப் பத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். (சார் இதைப் படித்தால் 'கொஞ்சம் முன்பின்' என்பதன் அடியில் சிவப்பு மையால் கோடு போடுவார்.) டிசம்பர் கடைசி அவருக்குக் கடைசி வேலை நாள். நவம்பர் மாதம் ஒரு மதியம் பிரவுசிங் சென்டரில் அச்சடித்து எடுத்த நாலு பக்கத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கொச்சியிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் போகிற சின்னக் கப்பல். முப்பதே பயணிகள், ஐந்து நாள். ஓங்கில் என்கிற டால்பின் பார்க்கலாம், ஆமை பார்க்கலாம், கடற்பறவை பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கலம். விளக்கிச் சொல்ல ஒரு விலங்கியல் நிபுணரும் கூட வருவார்.

"அதிர்ஷ்டம்னா எத்தனை சதவீதம்னு கேட்டுக் கடிதம் போட்டேன். இயற்கை சார்னு பதில் எழுதியிருக்கான். ஒழுங்கா ஒரு கணக்கு வச்சுக்கிடத் தெரியல்ல" என்றார். "ரெண்டு சீட்டு சொல்லியாச்சு. நீரும் வருகீரு."

"டீச்சரைக் கூட்டிட்டுப் போகலாமே சார்?" என்றேன். டீச்சர் என்பது அவர் மனைவி.

"அவ பாக்காமலே நம்புகா. அது பாசம்வே. பாசம் சாட்சியாகாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு இனி திமிங்கலம் பாக்கணும்னு இல்ல. நான் பாத்தாச்சு. சாட்சி ஒருத்தன் வேணும். முப்பத்தாறு வருசம் ஒருத்தனும் நம்பாம நான் இந்த ஆபீஸ் படியை இறங்க முடியாதுவே. உமக்கு எங்கிட்டப் பாசமும் கெடையாது, பகையும் கெடையாது. சரியான ஆளு."

இதைவிட நல்ல பாராட்டை நான் சர்வீஸில் வாங்கியதில்லை. சரி என்றேன்.

உடனே பயிற்சி தொடங்கிவிட்டது. கப்பல் ஆடும், அதற்கு இப்போதே கால் பழக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில் ஏறுவார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பஸ் சாயும். சார் கம்பியைப் பிடிக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். கழுத்தில் கல்ஃபிலிருந்து வந்த பைனாகுலர் தொங்கும்.

"சீட்டு காலியாக் கெடக்குல்லா, இரியும் சார்" என்பார் கண்டக்டர்.

"நான் கடலுக்குப் பழகுகேன். நீரு விசிலை ஊதும்."

மூன்றாவது வாரம் ஒரு கொண்டை ஊசி வளைவில், ரப்பர் பால்வெட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் மடியிலிருந்த முழுப் பலாச் சக்கையின்மேல் போய் உட்கார்ந்தார். சக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சார் இரண்டு நாள் ஆபீஸில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் முதல் வாரம் புறப்பட வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் கொட்டிய மழையில் குழித்துறைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் ரத்து. சரி, பஸ் என்று ஏறினோம். களியக்காவிளை வந்ததும் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஹர்த்தால்.

"எதுக்கு ஹர்த்தால்?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது நாளைக்குப் பேப்பர்லதான் தெரியும்" என்றார்.

ஒரு டாக்ஸிக்காரர் தைரியமாக முன்வந்தார். எல்லையில் தொழில் செய்கிறவர்களுக்கு ஹர்த்தால் நுணுக்கங்கள் அத்துப்படி. பால் வண்டியை விடுவார்கள், ஆஸ்பத்திரி வண்டியை விடுவார்கள், கல்யாண வண்டியையும் விடுவார்கள். பத்தே நிமிஷத்தில் கார் முகப்பில் செவ்வந்தி மாலை ஏறியது, கண்ணாடியில் 'திருமணம்' என்று எழுதிய தாள் ஒட்டப்பட்டது, என் கழுத்திலும் ஒரு மாலை விழுந்தது. எனக்கு அப்போது நாற்பத்தோரு வயது, ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள்.

பாறசாலையில் நடுரோட்டில் கல்லைப் போட்டு மறித்திருந்தார்கள். கொடியோடு ஒருவர் குனிந்து பார்த்தார். "எங்கோட்டா?"

"எறணாகுளம். கல்யாணம்" என்றார் டிரைவர்.

"செக்கன் எவிடே?" மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார். டிரைவர் என்னைக் காட்டினார். கொடிக்காரர் என் மீசையில் இருந்த நரையைப் பார்த்தார். நான் வெட்கப்படுவது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து சார் தலையை வெளியே நீட்டினார்.

"கல்யாணம் ஒண்ணும் இல்ல. இவருக்குக் கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. நாங்க கப்பல்ல திமிங்கலம் பாக்கப் போறோம்."

டிரைவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கொடிக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "எடா, இங்கோட்டு வா! திமிங்கலம் காணான் போகுன்னு!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். சாரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சார் அதே முகத்தோடு அதையே இன்னொரு தடவை சொன்னார். ஒருவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்தே விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லை அவர்களே நகர்த்தி, "போய்க்கோ சாரே" என்று கைகாட்டி அனுப்பினார்கள். நெய்யாற்றின்கரையிலும் இதுவே நடந்தது, கொல்லத்திலும் இதுவே நடந்தது. ஹர்த்தால் நாளில் கேரளத்தைக் குறுக்கே கடந்து போன ஒரே டாக்ஸி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நான் உற்சாகமாகத் திரும்பிப் பார்த்தேன். சார் முகம் வாடிக் கிடந்தது.

"ஒருத்தன்கூட நம்பல்லல்லாவே" என்றார்.

கொச்சியில் கப்பல் நின்றது. சின்னதாக, வெள்ளையாக, படத்தில் பார்த்த மாதிரியே. ஆனால் கட்டிப் போட்டிருந்தார்கள். அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, பயணம் ரத்து, அடுத்தது மார்ச்சில் என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். சார் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு வந்த லைஃப் ஜாக்கெட்டோடு அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மார்ச்ல வரலாமே சார்."

"மார்ச்ல நான் யாருவே? ஆபீஸ்ல எனக்கு ஒரு மேஜை இருக்குமா? எங்க போய்ச் சொல்லுகது?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் பேசவில்லை. அவர் ஒரு வாக்கியத்தைத் திருத்தமாட்டாரா என்று வேண்டுமென்றே இரண்டு ஊர் பெயரை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

ஆனால் அடுத்த புதன்கிழமை மறுபடியும் என் மேஜை முன்னால் நின்றார். "கப்பல் வரல்லன்னா நாம ஒரு கப்பல் விடுவோம்வே."

குளச்சலுக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊரில் சூசை என்று ஒருவரைப் பிடித்திருந்தார். சூசைக்கும் அவர் தம்பிக்கும் சேர்ந்து ஒரு ஃபைபர் வள்ளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போகக்கூடாது. மீறி மீன் பிடித்தால் மாதா கோயிலிலும் ஊர்க்கமிட்டியிலும் பதில் சொல்ல வேண்டும். அதனால் வள்ளம் அன்று சும்மா கிடக்கும்.

"பிடிக்கத்தான் கூடாது. பாக்கப் போறதுக்கு என்ன தடை?" என்று சார் விதிகளைப் பிரித்து விளக்கியிருக்கிறார்.

"தடை ஒண்ணும் இல்ல சாரே" என்று சூசை தலையைச் சொறிந்தாராம். "ஆனா பாக்கதுக்குன்னு எவனாச்சும் கடலுக்கு வருவானா?"

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் புறப்பட்டோம். யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று சூசை வலையையெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி மணலில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளினார். சார் அந்த நாலு பக்கத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கப்பலில் எப்படி நடத்துவார்களோ அப்படியே நடத்த வேண்டுமாம். எழுந்து நின்று பாதுகாப்பு விதிகளை வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகிய இரண்டு பேர்.

"ஆபத்து நேரும்போது பயணிகள் பதற்றப்படாமல் மேல்தளத்தில் கூடவும்."

"மேல்தளம் எங்க சாரே?"

"நாம இருக்கதுதான்."

சூசை சகோதரர்கள் பக்தியோடு தலையாட்டினார்கள்.

ஒரு மணி நேரத்தில் கரையில் தென்னைகள் மறைந்தன, மலை மட்டும் நீலமாகத் தெரிந்தது. எனக்கு வயிறு புரட்டத் தொடங்கியது. காலையில் டீச்சர் கொடுத்தனுப்பிய புட்டும் பயறும் பழமும் வந்த வரிசைக்கு எதிர் வரிசையில் திரும்பிப் போயின. நான் வலது பக்க விளிம்பில் குப்புறக் கவிழ்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் அறிந்த கடல் என் மூக்குக்குக் கீழே இருந்த இரண்டடி மட்டும்தான்.

பக்கத்தில் ஓங்கில் கூட்டம் துள்ளியது என்று பிறகு சொன்னார்கள். சார் எண்ணிக் குறித்துக்கொண்டார், பதினேழு. ஓங்கில் போகிற இடத்தில் பறவைகள் விழுந்து எழுந்தன. பறவைக்குக் கீழே சூரை மீன் கூட்டம், தண்ணீர் கொதிப்பது மாதிரி. வலது பக்கம், என் காதுக்கு அருகில் தம்பிக்காரர் முனகுவது கேட்டது.

"அண்ணே, இப்படி ஒரு மீன்பாடு நான் இந்த வருசம் பாக்கல்ல."

"மிண்டாம இரிலே. ஞாயித்துக்கிழமை" என்று அண்ணன் அவர் வாயை அடக்கினார்.

"ஞாயித்துக்கிழமைன்னு மீனுக்குத் தெரியுமா? கமிட்டி வலையைத்தானே சொல்லிச்சு. பலகைக்கு அடியில தூண்டில் கெடக்குல்லா."

பிறகு பலகை தூக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சகோதரர்களுக்கு உலகம் இல்லை. என் முதுகை மிதித்துக்கொண்டு இரண்டு பேரும் இழுத்தார்கள். சூரை ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று வள்ளத்துக்குள் விழுந்தது. இடது பக்கம் சார் மட்டும் தனியாக நின்றார்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"வேய்! பாரும்! எந்திச்சாச்சு! பாரும்வே!"

சகோதரர்கள் திரும்பவில்லை. கையில் பெரிய மீன் இருந்தது. நான் திரும்ப முயன்றேன், ஆனால் வயிறு விடவில்லை. சார் கேமராவை எடுக்கப் பாய்ந்தார். உப்புக்காற்று படக்கூடாது என்று அதை மூன்று பாலித்தீன் பைக்குள் வைத்து ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார். நகத்தாலும் பல்லாலும் பிரித்து, பின்னால், சகோதரர்கள் பக்கமாக நகர்ந்து நின்று ஒரு படம் எடுத்தார். நான் தலையைத் தூக்கியபோது இடது பக்கம் கடல் தட்டையாகக் கிடந்தது.

"பாத்தீரா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், பரீட்சை ரிசல்ட் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"பாத்தேன் சார்" என்றேன்.

சார் பலகையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு குறிப்பேட்டை எடுத்து, "நாப்பத்திரண்டு அடி. ஒரு தடவை ஊதிச்சு. வால் காட்டல்ல. தெக்கே போச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

கரைக்கு வந்து படத்தைப் பார்த்தோம். முக்கால் படத்தில் சூசையின் கையும், அதில் தொங்கிய சூரையும். அதற்குப் பின்னால், கடலில் எண்ணெய் ஊற்றியது போல வழவழப்பாக ஒரு பெரிய வட்டம்.

"இதுதான். அது முங்கின எடம்" என்றார் சார், விரலை வைத்து.

சூசை எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போனார். "சாரே, இது வெளிய போனா நான் தீந்தேன். என் கைக்காப்பை ஊருல எல்லாரும் அறிவாங்க."

"படத்தை விடும். நீரு வந்து, பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் அங்க இருந்தாத்தானே சாரே பாத்திருக்க முடியும்?" என்றார் சூசை பரிதாபமாக. "ஞாயித்துக்கிழமை நான் கோயில்லல்லா இருந்தேன்."

சார் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் கையில் கிடைத்த ஒரே அத்தாட்சி. பிறகு பொத்தானை அழுத்தி அதை அழித்துவிட்டார்.

"என்னை நாலு பேரு நம்பணும்னு இவனை மாட்டிவிட முடியுமாவே?" என்றார்.

டிசம்பர் கடைசி வேலை நாளில் பிரிவு உபசாரம். பொன்னாடை, லட்டு, மிக்சர். பேசியவர்களில் ஒருவரும் திமிங்கலத்தைத் தொடாமல் விடவில்லை. கடைசியில் ஆபீஸ் சார்பாகப் பரிசு என்று நீலத் தாளில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்தால், பிளாஸ்டிக் திமிங்கலம். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"நான் பாத்தேன். சார் கூட வள்ளத்துல போய் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"எத்தனை அடி?" என்றது பின்வரிசை.

குறிப்பேட்டில் இருந்தது சுத்தமாக மறந்துபோயிற்று. "அறுபது!" என்றேன். சொல்லிவிட்டதும் நாக்கு தானாக ஓடத் தொடங்கியது. மூன்று தடவை ஊதியது என்றேன். நம்ம ஆபீஸ் கொடிக்கம்பம் உயரத்துக்கு வாலைத் தூக்கியது என்றேன். அடித்த அடியில் எங்கள் மேலெல்லாம் தண்ணீர் என்றேன். நிறுத்தியபோது அறையில் ஒரு மிக்சர் கடிபடும் சத்தம்கூட இல்லை.

எல்லோரும் சார் பக்கம் திரும்பினார்கள். அஞ்சடி கூடினாலே விடாத மனிதர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சார் மெதுவாக எழுந்தார்.

"அவரு கிட்டத்துல நின்னு பாத்தவரு" என்றார். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பின்வரிசைக்காரர்கூட எழுந்து வந்து, "மன்னிக்கணும் சார், இவ்வளவு நாள் தெரியாமப் போச்சு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

படியிறங்கும்போது நான் கூடவே போனேன். தோளில் பொன்னாடை, கக்கத்தில் பிளாஸ்டிக் திமிங்கலம். கடைசிப் படியில் நின்றார்.

"நாப்பத்திரண்டுவே."

"மன்னிச்சிடுங்க சார்."

"நீரு வலது பக்கம் கவுந்து கெடந்தீரு. அது வந்தது இடது பக்கம்."

"அப்பமே தெரியுமா சார்?"

"அப்பமே தெரியும்." செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் பொய் சொல்லுகேன்னு சொன்னவன் நூத்திப் பதினாலு பேரு உண்டு. எண்ணி வச்சிருக்கேன். எனக்காவ ஒரு பொய் சொன்ன ஆளு நீரு ஒருத்தர்தான்." என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அன்றைக்குக் கடலில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனால் அவர் பார்த்தார். நாற்பத்திரண்டு அடிதான், ஒரு தடவைதான் ஊதியது, தெற்கேதான் போனது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்கிறேன்.